கோட்டுக்கு ஒரு விரல் மேலே

சனிக்கிழமை காலை கப்பல் நடுக்கடலில் போய்க்கொண்டிருந்தது. இராஜசிங்கம் வீட்டுக் குசினியில் இருந்தான். பாண் துண்டைத் தேநீரில் தோய்த்தவன் அதை வாயில் வைக்க மறந்துபோனான். அது ஊறி, அறுந்து, கோப்பைக்குள் விழுந்தது.

"அதைக் குடிக்கப் போறீங்களோ, இல்லை மீன் வளக்கப் போறீங்களோ?" என்றாள் பவளராணி.

"பசிக்கேல்லை."

"நேற்றும் பசிக்கேல்லை. முந்தநாளும் பசிக்கேல்லை. பெட்டி தானே கப்பலிலை போகுது, நீங்களே போறீங்கள்?"

அவளுக்கு அன்று வேலையில்லை. இரவெல்லாம் சிறோக்கோ அடித்து, விடிய ஒரு சேற்று மழையும் பெய்திருந்தது. அந்தக் காற்று வந்தால் பலர்மோ நகரத்தில் சுவர் வியர்க்கும், உப்புப் போத்தலுக்குள் உப்புக் கட்டியாகும், மனிதர்களுக்கு விசர் பிடிக்கும். நனைந்த மன்டரின் தோடம்பழத்தைப் பறித்தால் இரண்டே நாளில் பூஞ்சணம் பிடித்துவிடும் என்பதால் தோட்டத்தில் பறிப்பு நின்றது. பறிப்பு நின்றால் பழம் அடுக்குகிற கொட்டிலும் பூட்டுத்தான். வியா ஒரேத்தோத் தெருவுக்குப் பின்னால், நாலாம் மாடியில், இரண்டு அறையும் ஒரு குளியலறையும் கொண்ட அந்த வீட்டில் புருஷனும் பெண்சாதியும் ஒன்றாய் இருக்கிற பகல் மாதத்தில் இரண்டோ மூன்றோதான் வரும். அதுவும் இப்படிப் போனது.

இராஜசிங்கம் பயந்த மனிதன். இதை நான் பழியாகச் சொல்லவில்லை, அவனைத் தெரிந்த எல்லோரும் சொல்வதுதான். வன்னியிலிருந்து உயிரோடு வெளியே வந்தவர்களில் சிலருக்குப் பயம் விட்டுப்போயிற்று. சிலருக்கு அது தோலோடு ஒட்டிப்போயிற்று. அவன் இரண்டாம் வகை. கடிதப்பெட்டியில் அரசாங்க உறை கிடந்தால் பவளராணிதான் கிழிக்கவேண்டும். அப்படிப்பட்டவன் கையில்தான் ஒரு புதுப்பெட்டியின் பொறுப்பு வந்து விழுந்தது.

நகரத்துக்கு வெளியே ஒரு அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் பதினொரு வருடம் அவன் வேலை. முதலில் வெட்டும் இயந்திரம். பிறகு மாதிரிப்பெட்டி செய்கிற மேசை. கத்தி, இரும்பு அடிமட்டம், மடிப்பு விழுத்துகிற சில்லு, இவ்வளவும்தான் அங்கே ஆயுதம். வரைகிற பொடியன் மிலானோவுக்குப் போய்விட, முதலாளி இராஜசிங்கத்தைக் கூப்பிட்டார். "மன்டரினுக்கு ஒரு பெட்டி வேண்டும். இலையோடு போகிற பழம். கப்பலில் ஜெனோவா, அங்கிருந்து லொறியில் சூரிச். பன்னிரண்டு அடுக்கு. அடிப்பெட்டி நசியக்கூடாது."

மூன்று கிழமை அவன் அதோடேயே கிடந்தான். நெளியட்டையின் நெளிவு சுவரில் நிமிர்ந்து நிற்கவேண்டும், படுத்தால் பெட்டி முழங்கால் மடித்துவிடும். காற்றுத் துளைகளை மூலைகளிலிருந்து நாலு விரல் தள்ளி வெட்டினான், ஏனென்றால் பாரம் இறங்குவது மூலைகளில். நாலு மூலையிலும் முக்கோணமாக ஒரு தூண் மடித்தான். மேலே இரண்டு காது. அந்தக் காது மேல்பெட்டியின் அடியில் உள்ள துவாரத்துக்குள் போய்ப் பிடித்தால் பன்னிரண்டு பெட்டியும் ஒரே பெட்டியாகிவிடும். உள்ளே, விளிம்புக்கு ஒரு விரல் கீழே, சுற்றிவர ஒரு நீலக் கோடு. பழம் அந்தக் கோட்டோடு நிற்கவேண்டும். அப்போதுதான் மேல்பாரம் சுவரில் இறங்கும், பழத்துக்கு ஒன்றும் தெரியாது.

முதலாளி பெட்டிக்கு மேலே ஏறி நின்று பார்த்தார். சிரித்தார். "இது சூரிச்சுக்கு ஒழுங்காய்ப் போய்ச் சேரட்டும். உனக்கு நிரந்தரக் கொந்திராத்து" என்றார்.

நிரந்தர வேலை ஒப்பந்தம் என்றால் சும்மா இல்லை. இருக்கிற ஒப்பந்தம் மார்ச் கடைசியில் முடிகிறது. ஏப்ரல் பதினாலு குவெஸ்துரா என்கிற பொலிஸ் அலுவலகத்தில், வதிவிட அனுமதி புதுப்பிக்க மூன்று பேருக்கும் ஒரே நாளில் தவணை. அவனுக்கு, பவளராணிக்கு, பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம் படிக்கிற மகள் சாரங்காவுக்கு. ஒப்பந்தம் இல்லாமல் அந்த யன்னலுக்கு முன்னால் போய் நிற்கிறதை அவனால் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை.

அந்தப் பெட்டியில் முதல்முதல் பழம் அடுக்கியதும் வேறு யாரும் இல்லை, பவளராணி வேலை செய்கிற கொட்டில்தான். வெள்ளிக்கிழமை பின்னேரம் பெட்டிகளை அடுக்கிக் கட்டின இருபத்திரண்டு மரத்தட்டு ஏற்றிக்கொண்டு லொறி கப்பலுக்குள் போனது. அன்று இரவு புறப்பட்ட கப்பல் சனி இரவு எட்டுமணிக்கு ஜெனோவாவில் கட்டும்.

"சும்மா பயப்பிடாதேங்கோப்பா" என்று பவளராணி அடுப்பைத் தணித்தாள். "நல்லாத்தான் போயிருக்கு. நான் என்ரை கையாலை அடுக்கினனான். ஒரு பெட்டியும் குறையாப் போகேல்லை. ரெண்டு ரெண்டு பழம் கூடவே வைச்சு விட்டனான்."

இராஜசிங்கம் நிமிர்ந்தான். "என்ன கூட?"

"ரெண்டு பழம். நடுவிலை. கொஞ்சம் குவிஞ்சு நிண்டால் வடிவுதானே."

"கோட்டுக்கு மேலையோ?"

"கோட்டுக்கு மேலைதான். ஒரு விரல் வெறுமையாக் கிடந்தால் சூரிச்சிலை திறக்கிறவன் என்ன நினைப்பான்? உங்கடை முதல் பெட்டி. வெறும் விளிம்போடை போகக்கூடாதெண்டுதான். நெல்லு அளக்கேக்கை முதல் மரைக்காலை ஆரும் தலைதட்டுவினையே?"

"மேற்பார்வைக்கு நிக்கிற நடாலி பாக்கேல்லையே?"

"தராசு பாக்குது. குறைஞ்சால் சிவப்பு லைற் எரியும். கூடினால் ஒண்டும் எரியாது. ஏன் இப்பிடிப் பாக்கிறீங்கள்?"

அவன் கோப்பையைத் தள்ளிவிட்டு மேசையில் இரண்டு உள்ளங்கையையும் வைத்தான்.

"பவளம்... மேல்பெட்டி சுவரிலை இருக்காது. பழத்திலை இருக்கும். காது துவாரத்துக்குள்ளை போகாது. மேலை பதினொரு பெட்டியின்ரை பாரமும் அந்த ரெண்டு பழத்திலை... எத்தனை பெட்டி? நீ மட்டுமோ?"

அவள் கரண்டியைக் கழுவினாள். கழுவின கரண்டியைத் திரும்பவும் கழுவினாள்.

"பக்கத்திலை அடுக்கின விமலராணிக்கும் யோசப்பினுக்கும் சொன்னனான். மூண்டு பேரும்தான். ஆறு தட்டு வரும்."

ஐயோ என்று கத்தியிருந்தாலாவது அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவன் கத்தவில்லை. எழும்பிப் போய், வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருந்த இரண்டு மாதிரிப்பெட்டிகளையும் கட்டிலுக்குக் கீழேயிருந்து இழுத்தான்.

"செய்து பாப்பம்" என்றான். "பாத்தால் தெரியும்."

கொட்டிலில் கழித்த பழம் வீட்டில் எப்போதும் ஒரு கூடை கிடக்கும். "அண்டைக்கு எப்பிடி வைச்சனியோ அப்பிடியே வை" என்றான். அவள் தரையில் குந்தியிருந்து அடுக்கினாள். அந்தக் கை பார்க்கிற கை இல்லை, தானாகப் போகிற கை. காம்பு கீழே, இலை வெளியே, பழத்துக்குப் பழம் இடுக்கில். கடைசியாக நடுவில் இரண்டு. அந்த இரண்டையும் வைக்கும்போதுதான் அவள் கை முதன்முதலாகத் தயங்கியது.

அடிப்பெட்டி தாங்கவேண்டியது எண்பது கிலோவுக்குக் கொஞ்சம் குறைய. வீட்டில் இருபது கிலோ அரிசி மூட்டை இரண்டு இருந்தது. மூன்றாவதுக்குப் பவளராணி இரண்டாம் மாடிக்கு இறங்கினாள். அங்கே ஜோசியான், மொரீசியஸ்காரி, வியா மக்வேதாவில் ஒரு கிழவிக்குச் சமைத்துப் போடுகிறவள். தமிழ்ப் பரம்பரை என்று பெருமையாகச் சொல்வாள், தமிழில் தெரிந்தது சாமி பாட்டும் சாப்பாட்டுச் சாமான்களின் பெயரும்தான். மற்றதெல்லாம் இத்தாலியன்.

"ஒரு மூட்டை முழுதாகவா? கல்யாணமா?" என்று கேட்டாள்.

"இல்லை. குளியலறைக்கு."

ஜோசியான் வாயைத் திறந்தாள், பவளராணியின் முகத்தைப் பார்த்து மூடினாள். மூட்டையின் ஒரு காதைத் தான் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க இரண்டு மாடி ஏறி வந்தாள். குளியலறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். தரையில் மன்டரின் பெட்டி, அதற்குமேல் இன்னொரு பெட்டி, ஒரு பலகை, மூன்று மூட்டை அரிசி, அதற்கும் மேலே இரண்டு கட்டுத் தண்ணீர்ப் போத்தல். கப்பலின் ஈரத்துக்குப் பதிலாகச் சுடுநீர்க் குழாய் திறந்து ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. ஜோசியான் நெற்றியில் சிலுவை போட்டாள், பிறகு கைகூப்பியும் வைத்தாள், எதற்கும் இருக்கட்டும் என்று. இறங்கிப் போய்விட்டாள்.

இராஜசிங்கம் கதவைச் சாத்தினான். "மூண்டு மணித்தியாலம்" என்றான்.

அந்த மூன்று மணித்தியாலமும் போன விதத்தைச் சொல்லவே எனக்கு விருப்பமில்லை. பவளராணி சமைத்தாள். பலாறோச் சந்தையில் வாங்கின சாளை மீனைத் தலை கிள்ளி, மஞ்சளும் மிளகாய்த்தூளும் பிரட்டிப் பொரித்தாள். சொதிக்குப் பால் விட்டாள். அவன் குளியலறைக் கதவுக்கு வெளியே கதிரை போட்டு, ஒரு நோயாளிக்குக் காவல் இருப்பதுபோல் இருந்தான். உள்ளே எதாவது சரிகிற சத்தம் வருகிறதா என்று காதைக் கொடுத்தான். தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான் வந்தது.

"பெட்டியிலை நம்பர் ஒட்டுறதெல்லே?" என்று திடீரென்று கேட்டான்.

"ஓம். ஒவ்வொருத்தருக்கும் ஒண்டு. என்ரை பதினாலு."

"அப்ப சூரிச்சிலை திறந்தால் தெரிஞ்சிடும்."

"தெரிஞ்சிடும்."

மீன் கருகின மணம் வந்தது. அவள் ஓடிப்போய்ச் சட்டியை இறக்கினாள்.

ஒன்றரைக்குச் சாரங்கா பள்ளிக்கூடத்தால் வந்தாள். மழையில் நனைந்து, நேரே குளியலறைக்குப் போனவளை இராஜசிங்கம் மறித்தான். கதவிடுக்கால் பார்த்தவள் புத்தகப்பையைக் கீழே போட்டாள். "மா சியேத்தே பாத்சி! ரெண்டு பேருக்கும் விசரே? அரிசி குளிக்குது!"

"சத்தம் போடாதை" என்றான் இராஜசிங்கம். "ஜோசியான் ஆன்ரியின்ரை வீட்டிலை போய்க் குளி."

அம்மாவின் முகத்தைப் பார்த்த சாரங்கா துவாயை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

இரண்டரைக்குத் தண்ணீரை மூடினார்கள். ஆவி அடங்கும்வரை பொறுக்க அவனால் முடியவில்லை. போத்தல் கட்டை இறக்கினான், மூட்டைகளை இறக்கினான், பலகையை எடுத்தான். மேல்பெட்டி ஒரு பெருவிரல் அளவு ஒருபக்கம் வழுக்கியிருந்தது. காது துவாரத்துக்குள் போகவேயில்லை. அதைத் தூக்கினான்.

நடுவில் இருந்த இரண்டு பழமும் வெடித்துப் போயிருந்தன. அவற்றுக்குக் கீழே இருந்தவை நசிந்து, அதற்குக் கீழேயும் நசிந்து, சாறு இறங்கி அடியட்டை ஊறிப்போயிருந்தது. ஆனால் சுவர்? அவன் நாலு மூலையையும் விரலால் தடவினான். தூண்கள் நேரே நின்றன. நெளிவு ஒன்றுகூட மடங்கவில்லை.

"பெட்டி நிண்டிட்டுது" என்றான். "பவளம், பாத்தியே, பெட்டி நிண்டிட்டுது! பெட்டியிலை பிழையில்லை!"

அவன் சிரித்தான். நாலு நாளாகச் சிரிக்காத முகம். அந்தச் சிரிப்போடு திரும்பியவன் பவளராணியைப் பார்த்தான், அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. பெட்டியில் பிழையில்லை என்றால் பிழை யாரில் என்று.

அவள் அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டாள். பார்க்காத மாதிரி இருக்கத்தான் முயற்சி செய்தாள், முடியவில்லை.

"சந்தோசம்" என்றாள். "உங்களுக்குக் கொந்திராத்து கிடைக்கும்."

"நான் அப்பிடி நினைச்சுச் சொல்லேல்லை."

"எப்பிடி நினைச்சுச் சொன்னனீங்கள்?"

அவன் குனிந்து வெடித்த பழங்களைப் பொறுக்கத் தொடங்கினான். ஈரத் தரையில் சாறு வழிந்து, வீடு முழுக்க மன்டரின் மணம். நல்ல மணம்தான். அன்றைக்கு அது இரண்டு பேருக்கும் குமட்டியது.

"இப்ப நடாலிக்குச் சொன்னால்" என்று அவள் மெதுவாகச் சொன்னாள், "ஜெனோவாவிலை ஆறு தட்டையும் பிரிக்கலாம்தானே? மேலை பாதியை எடுத்துப்போட்டால் கீழை கிடக்கிறது தப்பும்."

"தப்பும். நாளைக்கு எண்டால் தப்பாது."

"அப்ப சொல்லுவம்."

"சொன்னால் உன்னை நிப்பாட்டிப் போடுவாங்கள்!"

"சொல்லாட்டி?"

"சொல்லாட்டி... ஆருக்குத் தெரியும், சிலவேளை குளிரறையிலை இவ்வளவு நசியாது. இஞ்சை சுடுதண்ணி ஆவி. அங்கை குளிர். சிலவேளை தப்பும். பொறுத்துப் பாப்பம்."

"நீங்கள் ஆருக்குப் பயப்பிடுறீங்கள்? எனக்கோ, உங்களுக்கோ?"

"எனக்கு எல்லாத்துக்கும் பயம்" என்றான் இராஜசிங்கம். "பெட்டி சரிஞ்சால் முதலாளி நம்பர் பாக்காமல் பெட்டியைத்தான் பிழை சொல்லுவான் எண்டு பயம். நம்பர் பாத்தால் உன்னைப் பிடிப்பான் எண்டு பயம். அவன் என்னைக் கூப்பிட்டு ஏன் எண்டு கேட்டால், என்ரை மனிசிதான் எண்டு நான் சொல்லிப்போடுவன் எண்டு பயம். அதுதான் பெரிய பயம். விளங்குதே?"

அவளுக்கு விளங்கியது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு கைபேசியை எடுத்தாள்.

நடாலி கொட்டிலின் மேற்பார்வைக்காரி. ஜோசியானின் ஊர்க்காரிதான், ஆனால் வேலையில் ஊர் பார்க்கமாட்டாள். பவளராணியின் இத்தாலியன் தட்டுத்தடுமாறித்தான் வரும். அன்றைக்கு அது தடுமாறவில்லை.

"நடாலி, நான் பதினாலு. கோட்டுக்கு மேலே பழம் வைத்தேன். ஆறு தட்டு. விமலராணிக்கும் யோசப்பினுக்கும் நான்தான் சொன்னேன், அவர்கள் பிழையில்லை. வீட்டில் வைத்துப் பார்த்தோம், பழம் நசியுது. லொறிக்கார மாட்டியாவுக்குச் சொல்லு. கப்பலால் இறங்கினதும் பிரிக்கச் சொல்லு."

அந்தப்பக்கம் ஒரு பெருமூச்சு. "ஏன் வைத்தாய்?"

பவளராணிக்குச் சொல்ல நிறைய இருந்தது. அதற்கு இத்தாலியன் போதாது. "குறைத்து வைக்க மனம் வரவில்லை" என்றாள்.

"அந்த மனத்தை நான் எந்தக் கடதாசியில் எழுதுவது?" என்று சொல்லிவிட்டு நடாலி வைத்துவிட்டாள்.

எட்டுமணிவரை வீட்டில் ஒருவரும் சாப்பிடவில்லை. மாட்டியா, அந்த லொறிச் சாரதி, கடலில் இருக்கும்வரை அவன் தொலைபேசி வேலை செய்யாது. பவளராணி பலர்மோவின் காவல் புனிதை சாந்த ரோசாலியாவுக்கு நேர்ந்துகொண்டாள், மலைக்கு வெறுங்காலோடு ஏறுகிறேன் என்று. ஒன்பது மணிபோல் நடாலி ஒரு படம் அனுப்பினாள். திறந்த லொறி, பிரித்த தட்டுகள், நடுவில் மாட்டியா வியர்த்துக்கொண்டு நின்றான். கீழே இரண்டு வரி. ஆறில் இரண்டு சரியத் தொடங்கியிருந்தன. அடிவரிசை மட்டும் பழுது, மற்றது தப்பியது.

இராஜசிங்கம் அதை மூன்று தடவை வாசித்தான். பிறகு சோற்றைப் போட்டுச் சாப்பிட்டான். பவளராணி சாப்பிடவில்லை.

திங்கள் காலை ஆறு மணிக்கு வியா ஒரேத்தோவில் அவள் வழமைபோல் போய் நின்றாள். சோற்றுப்பெட்டி கையில். விமலராணியும் யோசப்பினும் முன்னமே நின்றார்கள். அவளைக் கண்டதும் தள்ளிப் போய் நின்றார்கள். ஞாயிறு முழுக்கத் தொலைபேசி எடுத்துப் பார்த்தாள், இரண்டு பேரும் கதைக்கவில்லை. அவர்களுக்கும் பிள்ளைகள் உண்டு, அவர்களுக்கும் பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதிக் கவலை உண்டு, குறை சொல்ல முடியாது.

வேலையாட்களை ஏற்றுகிற வான் வளைவால் திரும்பியது. நிற்குமா என்று பவளராணி பார்த்தாள். நின்றது. நடாலி முன்கதவைத் திறந்து இறங்கினாள். மற்ற இருவரையும் ஏறச் சொல்லிக் கையைக் காட்டினாள். பவளராணிக்குக் குறுக்கே வந்து நின்றாள்.

"நீ வேண்டாம். பழம் தப்பினது உன்னால்தான், அதையும் சொன்னேன். கொட்டில் முதலாளிமார் ஒரு பெயர் கேட்டார்கள். ஒன்றுதான் கேட்டார்கள்."

"விளங்குது" என்றாள் பவளராணி.

வான் போனது. அவள் சோற்றுப்பெட்டியோடு திரும்பி நடந்தாள். நாலு மாடியும் ஏறிவந்து, அந்தச் சோற்றைத் தானே எடுத்துக் குசினியில் இருந்து சாப்பிட்டாள். அழுகை அப்போதுதான் வந்தது.

புதன்கிழமை இராஜசிங்கம் வேலையால் வந்து ஒரு நீளமான உறையை மேசையில் வைத்தான். நிரந்தர ஒப்பந்தம். சூரிச்காரர்கள் பெட்டி நல்லது, மற்றப் பதினாறு தட்டும் ஆடாமல் அசையாமல் வந்தது என்று எழுதியிருந்தார்களாம். ஏப்ரல் பதினாலுக்கு இனிப் பயமில்லை. பயமில்லை என்று அவன் வாயால் சொன்னதை அவள் அன்றுதான் முதல்முதல் கேட்டாள்.

சட்டைப்பையிலிருந்து இன்னொரு வெள்ளைத்தாளையும் எடுத்தான். எடுத்துவிட்டு நீட்டாமல் வைத்திருந்தான்.

"என்னப்பா அது?"

"அடுத்தது நெஸ்போலே பழத்துக்குப் பெட்டி. முதலாளி சொல்லுறார், கோட்டுக்குப் பக்கத்திலை தமிழிலும் ஒரு வரி அடிக்கவேணுமாம். உங்கடை பொம்பிளையளுக்கு விளங்கட்டும் எண்டு. மேலை வைக்கக்கூடாதெண்டு." தலையைக் குனிந்தான். "என்ரை எழுத்துக் கோழி கிண்டினமாதிரி. நீ எழுதித் தாறியே?"

அவள் அவனைப் பார்த்த பார்வையில் அவன் கதிரையோடு ஒட்டிப்போனான். பிறகு சாரங்காவின் மேசையில் இருந்து கறுப்புப் பேனையை எடுத்துவந்து இருந்தாள். அவளுடைய எழுத்து குண்டு குண்டாய், கோணாமல், வாசிக்க ஆசையாக இருக்கும். இரண்டு வரி எழுதினாள். தாளைத் திருப்பி அவன் பக்கம் தள்ளினாள்.

'பிள்ளையள், இந்தக் கோட்டோடை நிப்பாட்டுங்கோ. குறைச்சு வைக்கிறது பாவமில்லை.'

இராஜசிங்கம் வாசித்தான். "முதல் வரி போதும் பவளம். ரெண்டாவது... ஆரும் வாசிச்சு முதலாளிக்குச் சொன்னால்?"

"பயமெண்டால் வெட்டிவிடுங்கோ. கத்தி உங்கடை மேசையிலைதானே கிடக்கு" என்று சொல்லிவிட்டு அவள் அரிசி கழுவப் போனாள்.

மூன்று கிழமை கழிந்து, குவெஸ்துராவுக்குப் போய்வந்த மறுநாள், அவன் ஒரு புதுப்பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு படியேறி வந்தான். நெஸ்போலேக்கு. மன்டரின் பெட்டியை விடத் தட்டை. மேசையில் வைத்தான். பவளராணி ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டுக் குனிந்து உள்ளே பார்த்தாள். நீலக் கோடு. கோட்டுக்குக் கீழே அவளுடைய குண்டெழுத்து, நாலு பக்கமும். இரண்டு வரியும் இருந்தது.

"எத்தனை பெட்டி அடிச்சது?"

"நாப்பதாயிரம்."

"ரெண்டு வரியையும் முழுக்கவே அடிச்சனீங்கள்?"

"இடம் கிடந்தது" என்றான் இராஜசிங்கம். அவன் கை இன்னும் பெட்டியின் விளிம்பில் இருந்தது. அவள் தன் கையை அதன்மேல் வைத்தாள்.